இருக்கை இல்லாமல் வந்த வண்டி

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. வீட்டுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மக்காச்சோளம் அறுக்கும் வண்டி, முன்பக்கத்து இரும்பு மூக்குகளை வாசல் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றிருந்தது. விற்கிற அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், சாவியைக் கொடுத்தார், கொட்டகைக் கதவைத் தள்ளியும் விட்டார். ஆனால் உள்ளே வரவில்லை. வெயிலிலேயே நின்றுகொண்டார்.

"நீங்க பாருங்க. எனக்குத் தூசி ஆகாது," என்றார்.

பழைய அறுவடை வண்டிகளை வாங்கிப் பழுது பார்த்து விற்பதுதான் எங்கள் பிழைப்பு. இரும்பு வேலை முழுக்க என் வீட்டுக்காரர். வயர் வேலை முழுக்க நான். பேரம் பேசுவதும் நான்தான், ஏனென்றால் அவரை விட்டால் விற்கிறவர் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டு வருவார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேச்சு. கொஞ்சம் என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். காலையில் கண் விழித்ததிலிருந்து அதைச் செய், இதை எடு, அங்கே நில் என்று யாரையாவது ஏவிக்கொண்டே இருப்பேன். பெரும்பாலும் அவரைத்தான். அவர் பாதியைக் கேட்பார், மீதியைக் காற்றில் விடுவார்.

அவர் காற்றில் விடும் விஷயங்களில் ஒன்றை மட்டும் என்னால் அப்படி விட முடியாது. ஓடுகிற இயந்திரத்துக்குள் கையை விடுவார். ஏற்கெனவே ஒரு பெல்ட் அவருடைய இடது கையில் இரண்டு விரல்களின் நுனியை வாங்கிக்கொண்டுவிட்டது. அப்படியும் திருந்தவில்லை. "மிச்சம் எட்டு முழுசா இருக்கே," என்று சிரிப்பார். ஒரு நாள் கையே போகும், இல்லையென்றால் ஆளே போவார் என்ற பயம் கல்யாணமான நாளிலிருந்து என்னோடு இருக்கிறது. நான் போடுகிற சத்தமெல்லாம் அந்தப் பயத்தில் போடுகிற சத்தம்தான்.

சோள வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நீளமான மூக்குகள். இரண்டு மூக்குகளுக்கு நடுவே ஒரு சந்து. பயிர் வரிசை அந்தச் சந்துக்குள் நுழைந்ததும், அடியிலுள்ள ஜோடி உருளைகள் தட்டையை, அதாவது சோளத் தண்டை, பிடித்துக் கீழே இழுக்கும். கதிர் மட்டும் கீழே போக முடியாமல் மேலேயே ஒடிந்து நிற்கும். அந்த உருளைகளின் வேகத்துக்கு மனிதன் ஈடு கொடுக்க முடியாது. தட்டையைப் பிடித்திருக்கிற கை, விட்டுவிடலாம் என்று நினைப்பதற்குள் உள்ளே போயிருக்கும்.

அதனால்தான் ஓட்டுகிறவர் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். ஆள் உட்கார்ந்தால் முன்னால் ஒரு பச்சை விளக்கு எரியும், உருளைகள் ஓடும். ஆள் எழுந்தால் விளக்கு அணையும், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் உருளைகள் நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வயலில் வேலை செய்கிற யாருக்கும் அது பிடிக்காது. தட்டை சிக்கிக்கொண்டால், உருளை இழுத்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிப் போய் உலுக்கினால் சீக்கிரம் விடுபடும். அதற்காகச் சுவிட்சை ஏமாற்றுவார்கள். சிலர் வயர்களை முறுக்கிச் சேர்த்துவிடுவார்கள். சிலர் இருக்கையில் பாரம் வைப்பார்கள். கருங்கல், பழைய பேட்டரி, சிமெண்டு மூட்டை, எல்லாம் பார்த்துவிட்டேன். எந்த வண்டியை வாங்கப் போனாலும் முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பேன். ஓட்டின ஆளின் குணம் அதிலேயே தெரிந்துவிடும்.

இந்த வண்டியில் பார்ப்பதற்கு இருக்கையே இல்லை. போல்ட்டுகளுக்கான ஓட்டைகள் மட்டும் இருந்தன. வயர்கள் தனித்தனியாக டேப் சுற்றப்பட்டுத் தொங்கின. பிரித்துப் பார்த்தேன். முறுக்கிய தடமே இல்லை. அந்த இடத்தில் குனிந்தபோது பழைய கிரீஸ் வாசனைக்கு மேலே இன்னொரு வாசனை அடித்தது. நாளெல்லாம் வெயிலில் வேலை செய்த ஆணின் சட்டையில் வருகிற வியர்வை வாடை.

"இவங்க ஒரு தடவைகூட சுவிட்சை ஏமாத்தலைங்க," என்று உள்ளேயிருந்தே சொன்னேன். "நல்ல மனுஷன் ஓட்டின வண்டி."

வெளியே நின்ற அம்மாவின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சீட் எங்கக்கா?" என்று கேட்டேன்.

"எரிச்சிட்டேன்."

"எலி கடிச்சிடுச்சோ?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமா," என்றார். சற்றுக் கழித்து, "சீட் போடாம ஓட்ட முடியாதா தம்பி?" என்று கேட்டார்.

"நின்னுக்கிட்டு ஓட்டினா என் பொண்டாட்டி உக்காருன்னு அதட்டுவாளேக்கா."

அந்த அம்மா சிரிக்கவில்லை. நான் சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். இவ்வளவு லேசாக முடிந்த பேரம் என் வாழ்க்கையில் அதுதான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் என் சாமர்த்தியத்தைப் பற்றி நானே பேசிக்கொண்டு வந்தேன்.

எங்கள் பட்டறை வீட்டின் பின்பக்கம் இருக்கிறது. வண்டியை அங்கே நிறுத்தி வேலையைத் தொடங்கினோம். வாங்குவதற்கு ஒரு விவசாயி தயாராக இருந்தார். அவருடைய பயிர் அறுவடைக்குக் காய்ந்து நின்றது, அதனால் தினமும் போன் செய்து அவசரப்படுத்தினார். செயின் மாற்றினோம், பேரிங் மாற்றினோம், எலி கட்டியிருந்த கூட்டைக் குப்பைக்கூடையில் அள்ளினோம். உருளைகளை வெளியே எடுத்தபோது என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"இதைப் பாரேன். எல்லாம் துரு ஏறிக் கிடக்கு. இந்த ஒரு ஜோடி மட்டும் பளபளன்னு இருக்கு."

உண்மைதான். நடுவிலிருந்த அந்த ஜோடியை யாரோ மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஒரு தடவை தேய்த்த மாதிரித் தெரியவில்லை. இரும்பின் மேல்தோலே தேய்கிற அளவுக்குத் தேய்த்திருந்தார்கள். வேலை மிச்சம் என்று அவருக்குச் சந்தோஷம். எனக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை.

கடைசி வேலை இருக்கை. புதிதாக ஒன்று வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் பொருத்தினேன். என் வீட்டுக்காரர் லேத்தில் கடைசலுக்குக் கொடுத்த ஒரு சாமானை வாங்கிவரப் போயிருந்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் அந்தச் சத்தம் மட்டும்தான். சுவிட்சை மாட்டி, வயரை இணைத்து, ஏறி உட்கார்ந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. சரி என்று இறங்கினேன்.

விளக்கு அணையவில்லை.

புது சுவிட்சே கோளாறு என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வேறொன்றை மாட்டினேன். அதுவும் அணையவில்லை. கழற்றிக் கையில் வைத்துச் சோதித்தால் ஒழுங்காக வேலை செய்தது. அழுத்தினால் எரிந்தது, விட்டால் அணைந்தது. மறுபடி இருக்கைக்கு அடியில் வைத்தால் எரிந்துகொண்டே இருந்தது. அப்படியென்றால் அதை ஏதோ அழுத்துகிறது. கம்பி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். எதுவும் இல்லை.

பிறகுதான் மெத்தையைப் பார்த்தேன்.

நடுவில் குழிந்திருந்தது.

காலையில் கடையிலிருந்து வந்த புது மெத்தை. ஓரத்தை விரலால் அழுத்தினேன், உடனே எழும்பியது. நடுப்பகுதி மட்டும் எழும்பவில்லை. பிளாஸ்டிக் உறை இரண்டு தொடைகளின் அகலத்துக்கு இழுபட்டுச் சுருங்கியிருந்தது. நான் உட்கார்ந்ததால் வந்த குழி என்று சொல்லலாம்தான். ஆனால் அது என் உடம்புக்குப் பொருந்துகிற குழியில்லை. பெரிய ஆளுடையது.

கையை நீட்டிக் குழியின்மேல் வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டு எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அந்தக் கொட்டகையில் அடித்த வியர்வை வாடை இப்போது எங்கள் பட்டறையில் அடித்தது. சற்று நேரத்தில் என் வீட்டுக்காரர் நனைந்துகொண்டே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார்.

"நீ கத்தின கத்துல பயந்துபோய் சீட்டே எந்திரிக்க மாட்டேங்குது."

"விளையாடாதீங்க. வயரைக் கழட்டிப் போட்டிருக்கேன். நான் அந்த அம்மாகிட்டப் பேசிட்டு வர்ற வரைக்கும் இந்த வண்டியைத் தொடக் கூடாது. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது."

அவருக்குப் பாதிதான் கேட்கும் என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிற்று.

வீட்டின் முன்பக்கம் வந்து போன் செய்தேன். வெகுநேரம் மணி அடித்த பிறகுதான் அந்த அம்மா எடுத்தார்.

"அக்கா, நான்தான். வண்டி வாங்கினோமே."

"சீட் போட்டுட்டீங்களா?"

நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே வந்த கேள்வி அது.

"போட்டாச்சுக்கா. அதுல யாரு உக்காந்திருக்காங்க?"

அந்த அம்மா மெதுவாகப் பேசினார்.

"என் கொழுந்தன். என் வீட்டுக்காரரோட தம்பி. ஊர்ல எல்லாரும் அவனைச் சரிண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க. அண்ணன் என்ன சொன்னாலும் சரிண்ணேம்பான். வேற பேச்சே தெரியாது. நல்ல வாட்டசாட்டமான ஆளு. தட்டை சிக்கினா இவரு இறங்குவாரு, அவனைச் சீட்ல உக்கார வெப்பாரு. கல்லு வெச்சா ஆட்டத்துல விழுந்துடுது, நீ உக்காருடான்னு."

வயரை முறுக்கவில்லை, பாரம் வைக்கவில்லை, நல்ல மனுஷன் என்று நான் பாராட்டிய ஆள் சொந்தத் தம்பியையே பாரமாக வைத்திருக்கிறார். எத்தனையோ வண்டிகளைப் பார்த்த எனக்கு அது தோன்றவே இல்லை.

"அன்னிக்கும் அப்படித்தான். நான் எந்திரின்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்காதே, என்ன ஆனாலும் எந்திரிக்காதேன்னு சொல்லிட்டு இறங்கினாரு. சட்டை மாட்டிக்கிச்சு. கத்தினாரும்மா. ஆனா எந்திரின்னு சொல்லல. அந்தக் கத்தல்ல வார்த்தை எங்க வரும்? இவன் எந்திரிக்கல. நான் ஓடிப் போய்ச் சாவியைத் திருப்பறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் அவன் அந்தச் சீட்டை விட்டு அசையவே இல்ல. வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தப்பவும் அதுலயே உக்காந்திருந்தான். துக்கத்துக்கு வந்தவங்க திட்டினாங்க, இழுத்துப் பாத்தாங்க. தூக்கிட்டு வந்து வீட்ல விட்டா திரும்பப் போய் உக்காந்துக்குவான். வாசல்ல நான் போறப்ப வர்றப்ப என்னையே பாப்பான். அண்ணன் இல்லல்ல, இனிமே அண்ணிதான எந்திரின்னு சொல்லணும்? நான் சொல்லலம்மா. ஒரு வார்த்தை பேசல. அவரு சாகறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தவன்கிட்ட எனக்கு என்ன பேச்சு? சோறு தண்ணி இல்லாம உக்காந்தபடியே போய்ச் சேர்ந்தான்."

அவர் அழுகிறாரா என்று தெரியவில்லை. அதைக் கவனிக்க எனக்கு நேரமும் இல்லை.

பட்டறையில் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது.

நான் ஓடினேன். ஓடும்போதே எல்லாம் புரிந்துவிட்டது. அந்த விவசாயிக்காக அவசரப்பட்டு, நான் கழற்றிய வயரை என் வீட்டுக்காரரே மாட்டி, வண்டியை ஓட்டிப் பார்க்கிறார். மூலையில் கிடந்த காய்ந்த தட்டைக் கட்டை உருளைக்குக் கொடுத்திருக்கிறார். எஞ்சின் சத்தம் ஒரே சீராக இல்லை. திணறியது. தட்டை சிக்கியிருக்கிறது. சிக்கினால் உருளைகள் ஓடாமல் நிற்கும். இறங்கிப் பார்க்கிறவருக்கு, தான் எழுந்ததால்தான் நின்றது என்று தோன்றும். ஆனால் எழவேண்டியவன் எழவில்லை. தட்டை விடுபட்ட அடுத்த நொடி அவை பாயும்.

பட்டறை வாசலுக்கு வந்தபோது அவர் இரண்டு மூக்குகளுக்கு நடுவே குனிந்து நின்றிருந்தார். கை முழங்கை வரைக்கும் உள்ளே இருந்தது.

அவருக்குப் பின்னால், மேலே, ஆளில்லாத இருக்கைக்கு முன்னால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கையை எடுங்க!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதே சமயம் தட்டை முறிகிற சத்தம் கேட்டது.

உருளைகள் பாய்ந்தன.

சட்டைக் கை இறுகியது. அவருடைய தோள் முன்னால் போயிற்று. அவர் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. கண்கள் என்னைப் பார்த்தன. சாவி வண்டியின் மறுபக்கம், ஏணிக்கு மேலே. ஏறுவதற்குள் அவர் இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் காலி இருக்கையைப் பார்த்து என் உயிரைக் கொடுத்துக் கத்தினேன்.

"எந்திரி! அண்ணி சொல்றேன், எந்திரிப்பா!"

மெத்தை எழும்பியது.

பிளாஸ்டிக் உறை படபடத்துச் சமமானது. விளக்கு அணைந்தது. உருளைகள் நின்றன. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியின் இரும்பு ஏணியில், பெரிய ஆள் ஒருவர் மெதுவாக இறங்கினால் எப்படிக் கேட்குமோ, அப்படி ஒவ்வொரு படியாகச் சத்தம் கேட்டது.

சட்டையை வெட்டித்தான் அவரை வெளியே எடுத்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் உரிந்திருந்தது. எலும்பு தப்பியது. கை தப்பியது. அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன், அழுதுகொண்டே இரண்டு அடியும் போட்டேன். எங்கேயோ கீழே விழுந்திருந்த போனிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. எடுத்து, "எந்திரிச்சுட்டான்கா," என்றேன்.

அவர் கேட்டார்.

"எந்திரிச்சு எங்க போனான்?"

அதை நான் யோசிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். முதல் இரண்டு மூன்று நாட்கள் எதுவும் தோன்றவில்லை. மின்விசிறியைக் குறைங்க என்பேன், குறைந்திருக்கும். அவர் செய்தார் என்று நான் நினைத்தேன், நான் செய்தேன் என்று அவர் நினைத்தார். பின்கதவைச் சாத்துங்க என்று சமையலறையிலிருந்து குரல் கொடுப்பேன், சாத்துகிற சத்தம் கேட்கும். "பரவாயில்லையே, இப்பல்லாம் சொன்னதும் செய்யறீங்களே," என்று ஒரு நாள் சொன்னேன். அவர் கட்டிலில் படுத்தபடி என்னை விநோதமாகப் பார்த்தார்.

"நான் எங்க எந்திரிச்சேன்?"

நான் ஏவுவதை அன்றோடு நிறுத்த முயன்றேன். பழக்கம் சுலபத்தில் போகுமா? ஒரு சாயங்காலம் அவர் கட்டுப் போட்ட கையோடு பட்டறைக்குக் கிளம்பினார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இந்த மனுஷனைப் புடிச்சு ஒரு இடத்துல உக்கார வைக்க ஆளே இல்லையா?"

வியர்வை வாடை என்னைக் கடந்து போயிற்று.

அவர் மடிந்து நாற்காலியில் விழுந்தார். விழுந்தவர் எழ முயன்றார். முடியவில்லை. இரண்டு தோள்களிலும் சட்டை அமுங்கியிருந்தது. அமுங்கிய இடத்தில் அகலமாக விரல்களின் பள்ளம் தெரிந்தது. நாற்காலியின் கால்கள் கிறீச்சிட்டன. அவர் முகம் சிவந்து, பிறகு வெளுக்கத் தொடங்கியது.

"மூச்சு... முடியல..."

"விடு," என்றேன். "விட்டுடுப்பா."

தோள்களில் சட்டை மெல்ல எழுந்தது. அவர் இருமிக்கொண்டே என் கையைப் பிடித்தார். நாங்கள் இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு, எதிரே ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தோம். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பயமும் பரிதாபமும் சேர்ந்தே வந்தன. பாவம், அவனுக்குச் சொன்னதைச் செய்ய மட்டும்தான் தெரியும். ஆனால் நாளைக்கு என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது. கோபத்தில் நான் சொல்லாத சொல்லா?

"நான் உன் அண்ணி இல்லப்பா. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். உன் வீட்டுக்குப் போ. உன் அண்ணிகிட்டப் போ."

வாசல் கதவின் தாழ்ப்பாள் தானாக விலகியது. கதவு திறந்தது. ஒழுங்காக, சத்தமில்லாமல், மறுபடி சாத்திக்கொண்டது.

காலையில் அந்த அம்மாவின் போன் வந்தது. குரல் கிசுகிசுத்தது.

"வந்துட்டாம்மா."

"எப்படிக்கா தெரியும்?"

"கொட்டகைல இருக்கேன். வண்டி நின்ன இடத்துல, வெறும் தரையில உக்காந்திருக்கான். மண்ணு அமுங்கியிருக்கு. எனக்கு நேரா."

அன்றைக்கு அந்தக் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்காத பெண் இப்போது அதற்குள் நின்றுகொண்டிருந்தார். எனக்கு மனசு இளகிவிட்டது. இத்தனை காலம் அவன் காத்திருந்தது இவருடைய ஒரு வார்த்தைக்காகத்தானே?

"பேசுங்கக்கா. ஒரு வார்த்தை பேசுங்க. பாவம், நீங்க சொல்றதைக் கேக்கத்தான் உக்காந்திருக்கான்."

"நான் சொன்னா கேப்பானா?"

"கேப்பான்கா. எதுவா இருந்தாலும் கேப்பான்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லி முடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் போனைக் காதிலிருந்து விலக்கியது கேட்டது. தொண்டையைச் செருமினார். பிறகு, பக்கத்து வீட்டில் இருக்கிற ஒருவரைக் கூப்பிட்டுவரச் சொல்வதுபோல, சாதாரணக் குரலில் சொன்னார்.

"உங்கண்ணனைக் கூட்டிட்டு வா."

"வேண்டாங்கக்கா!" என்று கத்தினேன். "அக்கா, வேண்டாம்னு சொல்லுங்க!"

காத்திருக்கிற பெண்ணின் மூச்சு மட்டும் போனில் வந்துகொண்டிருந்தது.

பின்பக்கம் பட்டறையில் இரும்பு உரசுகிற சத்தம் எழுந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "பேட்டரி எங்க?" என்று கேட்டார்.

"கழட்டிட்டேன். கட்டிலுக்கு அடியில இருக்கு."

இரண்டு பேரும் பட்டறை வாசலுக்குப் போனோம். எஞ்சின் ஓடவில்லை. விளக்கு எரியவில்லை. துரு ஏறிய உருளைகள் எல்லாம் அசையாமல் இருந்தன. தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்த அந்த ஒரு ஜோடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக, பின்னோக்கி. அந்த வண்டியில் உருளை பின்னோக்கிச் சுற்றுவதற்கு வழியே கிடையாது. உள்ளே வாங்கியதை யாரோ பொறுமையாக, பத்திரமாக வெளியே எடுப்பதுபோல அது சுற்றியது.

"நிறுத்து," என்றேன். "நிறுத்துப்பா."

அவன் இப்போது என் சொல்லைக் கேட்கவில்லை.

உருளைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சட்டைக் கையின் நுனி மேலே வந்தது. என் வீட்டுக்காரருடைய சட்டை இல்லை. கைப்பட்டியில் பொத்தான் போட்டிருந்தது, உள்ளே ஒரு மணிக்கட்டு இருப்பதுபோல அது நிறைந்திருந்தது.